மை ஏறும் அட்டை, ஊசி ஏறும் அட்டை

இரண்டு வாழ்த்து அட்டைகள். இரண்டும் கையால் செய்தவை. இரண்டிலும் ஒரே உருவம்: ஐந்து இதழ்ப் பூ ஒன்று, அதன் காம்பில் இரண்டு இலைகள். முதல் அட்டையில் பூவை ரப்பர் ஸ்டாம்பால் அடித்திருக்கிறார்கள். கறுப்புக் கோடு கூர்மையாக விழுந்திருக்கிறது. இதழ்களுக்குள் இளஞ்சிவப்பு, ஓரத்தில் அழுத்தமாகவும் நடுவில் வெளிறியும் படர்ந்திருக்கிறது. இரண்டாவது அட்டையில் மை என்பதே இல்லை. வெள்ளை அட்டையில் வெள்ளைப் பூ. நேராகப் பார்த்தால் வெற்று அட்டைதான். சன்னல் பக்கம் சாய்த்தால் ஊசித்துளைகளின் விளிம்புகளில் நிழல் விழுந்து, இதழ்கள் ஒவ்வொன்றாகப் புலப்படும். விரலால் தடவினால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

அட்டை செய்கிறவர்கள் இந்த இரு முறைகளையும் ஒரே மேசையில், பல நேரம் ஒரே அட்டையில் கையாள்கிறார்கள். கைவினைப் புத்தகங்களும் இரண்டையும் அலங்கார உத்திகள் என்ற ஒரே தலைப்பின் கீழ் போட்டுவிடுகின்றன. ஆனால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகிறவை. ஸ்டாம்ப் அடிப்பவரிடம் இருப்பது நகல். ஆயிரம் பேரிடம் அதே ஸ்டாம்ப் இருக்கும். அதிலிருந்து தனக்கென்று ஒன்றை எப்படிப் பிரித்தெடுப்பது என்பதிலேயே அவருடைய உழைப்பெல்லாம் போகிறது. துளையிடுபவரிடம் இருப்பது குத்துக்குக் குத்து மாறும் கை. அந்தக் கையை எப்படி ஒழுங்குக்குள் நிறுத்துவது என்பது அவர் பாடு. கருவி, செலவு, பிழை, சந்தை என்று மற்ற வேற்றுமைகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்டாம்ப் அடிப்பது பார்ப்பதற்கு ஒரு நொடி வேலை. மைப்பஞ்சில் தட்டி, அட்டையில் வைத்து, அழுத்தி எடுத்தால் முடிந்தது. வேலை இருப்பது அந்த நொடிக்கு முன்னும் பின்னும். முன்னால் வருவது மையைத் தேர்வது. சாய மை காகிதத்துக்குள் இறங்கிச் சீக்கிரம் காயும். நிறமி மை மேலேயே படிந்து நின்று மெதுவாகக் காயும். கரைப்பான் கலந்த மை வழவழப்பான தாளிலும் பிளாஸ்டிக்கிலும்கூடப் பிடிக்கும். எந்த மையில் அடிப்பது என்பது, அடித்த பிறகு என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பொறுத்தது. வாட்டர்கலரால் தீட்டப்போகிறோம் என்றால் தண்ணீர் பட்டாலும் கலையாத மை வேண்டும். ஜப்பானின் கோப்பிக் போன்ற ஆல்கஹால் மார்க்கரால் தீட்டுவதாக இருந்தால் கரைப்பான் மை உதவாது. மார்க்கரில் உள்ள ஆல்கஹால் அதைக் கரைத்துக் கறுப்பை இதழுக்குள் இழுத்துவந்துவிடும்.

ஸ்டாம்ப்பிலும் இரண்டு வகை உண்டு. மரக்கட்டையில் ஒட்டிய சிவப்பு ரப்பர் கெட்டியானது. மயிரிழைக் கோடுகூடச் சிதையாமல் விழும். ஆனால் கட்டைக்கு அடியில் உருவம் எங்கே இறங்குகிறது என்பது தெரியாது. பாலிமர் ஸ்டாம்ப் கண்ணாடி போல் ஒளி ஊடுருவுவது. அதை அக்ரிலிக் கட்டையில் ஒட்டவைத்துக் கீழே பார்த்துக்கொண்டே அடிக்கலாம். புதிதாக வாங்கிய பாலிமர் மையை ஒழுங்காகப் பிடிக்காது. மை முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். பென்சில் அழிப்பானால் மேற்பரப்பை லேசாகத் தேய்த்தால் சரியாகிவிடும். அடிக்கும்போது ஸ்டாம்ப்பை ஆட்டக்கூடாது. அரசு அலுவலகத்தில் ரசீதுக்கு முத்திரை குத்தும் கையோடு இந்த வேலைக்கு வந்தால் பூவைச் சுற்றி ரப்பரின் ஓரமும் சேர்ந்து பதியும்.

பின்னால் வரும் வேலைதான் பெரிது. நிறமி மை ஈரமாக இருக்கும்போதே எம்பாசிங் பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, ஹீட் கன்னால் சூடு காட்டுவார்கள். அந்தத் தூள் பொடித்த பிசின். சூடு ஏறும்போது முதலில் எதுவும் நடக்காது. பிறகு ஒரு மூலையில் மங்கல் தூள் சட்டென்று உருகிப் பளபளக்கும். பளபளப்பு கோட்டின் வழியே ஓடிக்கொண்டே போகும். ஓடி முடிந்த கணத்தில் சூட்டை விலக்கிவிட வேண்டும். இன்னும் காட்டினால் பிசின் காகிதத்துக்குள் இறங்கி, மேடு தணிந்து, அட்டையின் பின்புறம்வரை கறை தெரியும். தலைமுடி உலர்த்தும் கருவியை வைத்து இதைச் செய்ய முடியாது. அதில் காற்று அதிகம், சூடு குறைவு, தூள்தான் பறக்கும். அட்டையில் கை ஈரம் இருந்தால் வேண்டாத இடத்திலும் தூள் ஒட்டிக்கொள்ளும் என்பதால், முகத்துக்குப் போடும் பவுடரைச் சிறு துணியில் முடிந்து, அதனால் அட்டையை முன்கூட்டியே ஒற்றி எடுப்பது வழக்கம்.

நகலைத் தனியாக்கும் தந்திரங்கள் இன்னும் பல. பூவை ஒட்டுச்சீட்டில் ஒருமுறை அடித்து, வெட்டி, அட்டையில் ஏற்கெனவே அடித்த பூவின் மேல் ஒட்டி மறைத்துக்கொண்டு, பக்கத்தில் இன்னொரு பூ அடித்தால் இரண்டாவது பூ முதலாவதற்குப் பின்னால் ஒளிந்திருப்பதாகத் தெரியும். மை தொட்டதும் வேறு தாளில் ஒருமுறை அடித்துவிட்டு, மறுபடி மை தொடாமல் அட்டையில் அடித்தால் வெளிறிய பூ கிடைக்கும்; அதைத் தூரத்துப் பூவாக வைத்துக்கொள்ளலாம். ஒரே ரப்பர் துண்டிலிருந்து தோட்டமே வருகிறது. இதில் தேர்ந்தவர்களின் அட்டையைப் பார்த்து எந்த ஸ்டாம்ப் என்று கண்டுபிடிப்பது கடினம். அவர்கள் விரும்புவதும் அதைத்தான்.

துளையிடும் மேசைக்கு வந்தால் கடைச்சாமான் எதுவும் கண்ணில் படாது. தக்கையில் செருகிய ஒரு தையல் ஊசி, அடியில் போட ஒரு ஃபோம் ஷீட் அல்லது பழைய மவுஸ் பேட், புள்ளி வைத்த மாதிரித்தாள். மாதிரியை அட்டையின் மேல் ஒட்டுநாடாவால் நகராமல் பிடித்துக்கொண்டு, புள்ளிக்கு ஒரு குத்தாகக் குத்திக்கொண்டே போவது. இதில் என்ன நுட்பம் இருக்கிறது என்று தோன்றலாம். ஊசி செங்குத்தாக இறங்க வேண்டும் என்பதுதான் முதல் நுட்பம். சற்றே சாய்ந்தாலும் துளை மேலே ஓரிடத்திலும் கீழே வேறிடத்திலும் வரும். வரிசை பின்புறத்தில் கோணலாகிவிடும். ஆழம் அடுத்தது. ஊசி முனையை நோக்கிக் கூம்புவதால், ஆழமாக இறங்கினால் துளை பெரிதாகும். ஒரு வரிசை முழுக்க ஒரே அளவில் துளை வேண்டுமென்றால் கை ஒரே ஆழத்தில் நின்று மீள வேண்டும். களைப்பு வந்ததும் முதலில் தவறுவது இதுதான். மாலையில் குத்திய துளைகள் காலையில் குத்தியவற்றைவிடப் பெரிதாகிவிடும்.

எந்தப் பக்கத்திலிருந்து குத்துவது என்பது தனி முடிவு. முன்பக்கத்திலிருந்து குத்தினால் குழிந்த புள்ளி கிடைக்கும், அமைதியாக இருக்கும். பின்பக்கத்திலிருந்து குத்தினால் காகித நார் முன்புறமாக எழும்பி, துளையைச் சுற்றிச் சின்னக் கரை கட்டும். வெளிச்சம் பிடிப்பது அந்தக் கரைதான். பழைய கைகாரர்கள் இரண்டையும் கலந்தார்கள். 1829-இல் லண்டனில் வெளிவந்த ‘தி யங் லேடீஸ் புக்’ என்ற பெண்களுக்கான கையேடு, காகிதத்தில் ஆடைகளை ஊசியால் குத்தி உருவாக்கும் முறையைச் சொல்லித் தருகிறது. முகத்தையும் கைகளையும் வாட்டர்கலரால் தீட்டிவிட்டு, உடுப்பை மட்டும் பல பருமன் ஊசிகளால் குத்துவார்கள். அந்தக் காலத்துத் துளைப்படங்களில் பருத்த துளைகள் மடிப்பின் நிழலாகும். நெருக்கமான நுண்துளைகள் பட்டாகும். நிறமே இல்லாமல் துணியின் வகையைக் காட்டியிருக்கிறார்கள்.

இந்த முறையின் உச்சம் பார்ச்மென்ட் வேலை. 150 ஜி.எஸ்.எம். சுமாருக்குக் கெட்டியான, பாதி ஒளி ஊடுருவும் தாள் அதற்கு வேண்டும். உருண்டை முனைக் கருவியால் பின்புறமிருந்து அழுத்தித் தேய்த்தால் சாம்பல் நிறமாக இருந்த தாள் அந்த இடத்தில் மட்டும் வெண்மையாகிப் புடைக்கும். நான்கு ஊசிகளைச் சதுரமாகச் சேர்த்த கருவியால் முதலில் மேலோட்டமாகத் துளையிடுவார்கள். பிறகு துளைகளுக்கு நடுவே புடைக்கத் தேய்ப்பார்கள். தேய்த்ததில் துளைகள் சுருங்கிவிடும் என்பதால் அதே துளைகளில் மறுபடி ஆழமாகக் குத்துவார்கள். கடைசியில் நான்கு துளைகளுக்கு இடைப்பட்ட காகிதத்தை வளைமுனைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தால் சிலுவை வடிவச் சந்துகள் வரிசை வரிசையாகத் திறந்து, காகிதம் லேஸ் துணியாகிவிடும். இதன் வேர் ஐரோப்பியக் கன்னிமாடங்களில் இருக்கிறது. திருவுருவப் படத்தைச் சுற்றிக் கன்னியர் கத்தியாலும் ஊசியாலும் லேஸ் செய்த பக்திச் சீட்டுகள் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பிரான்சிலும் அண்டை நாடுகளிலும் ஏராளம். கத்தோலிக்க மதத்தோடு இந்த வழக்கம் தென் அமெரிக்காவுக்கும் போனது. 1980-களில் கொலம்பியாவைச் சேர்ந்த மார்த்தா ஓஸ்பினா நெதர்லாந்தில் குடியேறி, பெர்கமானோ என்ற பெயரில் இதற்குக் கருவிகளையும் பயிற்சியையும் ஒழுங்குபடுத்தினார். ஐரோப்பாவிலிருந்து புறப்பட்ட ஒன்று கடல் கடந்து ஐரோப்பாவுக்கே திரும்பி வந்தது.

இரண்டுக்கும் ஆகும் நேரத்தை ஒப்பிட்டால் ஊசியின் நிலை பரிதாபம்தான். 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுர அட்டைக்கு ஒற்றை வரிசைக் கரை போடுகிறோம், துளைக்குத் துளை 2 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால் 200 குத்து. இரட்டை வரிசை என்றால் அதற்கு இரண்டு மடங்கு. நடுவில் பூ இன்னும் தொடங்கவே இல்லை. ஸ்டாம்ப்காரர் அதற்குள் மூன்று அட்டை முடித்துத் தேநீர் குடித்திருப்பார். ஆனால் 20 பேருக்கு அட்டை வேண்டும் என்ற நிலை வரும்போதுதான் இந்த ஒப்பீட்டுக்கு அர்த்தம் உண்டு. ஒருவருக்கு ஒரே அட்டை என்றால் நேரம் ஒரு குறையே அல்ல. வாங்குகிறவருக்குக் கொடுக்கப்படுவதே அந்த நேரம்தான்.

பிழை விஷயத்திலும் இரண்டின் சுபாவம் வேறு. ஸ்டாம்ப்பில் பிழை ஒரே நொடியில் நடந்து முடியும்: கை நழுவியது, மை இழுபட்டது, அவ்வளவு. ஆனால் அதற்குப் பரிகாரம் உண்டு. பூவை வேறொரு தாளில் அடித்து, வெட்டி, கெட்டுப்போனதன் மேலேயே ஒட்டிவிடலாம். அடுக்கு அட்டை என்ற அழகே இப்படிப் பிறந்ததோ என்று சந்தேகப்பட இடமிருக்கிறது. துளையில் பிழை மெதுவாக வளரும். மாதிரித்தாள் அரை மில்லிமீட்டர் நகர்ந்தது தெரியாமல் குத்திக்கொண்டே போய், நாலாவது பக்கம் வந்து முதல் துளையோடு சேராமல் நிற்கும்போதுதான் தெரியும். குத்திய துளையை மூட வழியில்லை. பின்புறம் நகத்தால் தேய்த்தால் சற்று அடங்கும், மறையாது. அரைமுத்து ஒட்டி மறைக்கலாம். அப்படி மறைத்தால் ஒரு மூலையில் மட்டும் முத்து இருக்க முடியாது, நான்கு மூலையிலும் ஒட்ட வேண்டிவரும். பல அட்டைகளில் அந்த முத்துகள் ஏன் இருக்கின்றன என்பது இதைச் செய்தவர்களுக்குத் தெரியும்.

இன்று நகலும் தனிப்படைப்புமாகப் பிரிந்து நிற்கும் இவை இரண்டும் பிறப்பில் ஒரே தொழிலைச் செய்தவை. இரண்டுமே நகலெடுக்கும் கருவிகள். ரப்பர் ஸ்டாம்ப்பின் கதை எளிது. சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிக் கெட்டிப்படுத்தும் முறைக்கு 1844-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அந்த ரப்பரில் பொய்ப்பல் ஈறு செய்வதற்குப் பல் மருத்துவர்கள் சிறு வேகவைக்கும் பானைகளை வைத்திருந்தார்கள். 1860-களில் அதே பானைகளில் எழுத்துகளை வார்த்து முதல் ரப்பர் ஸ்டாம்ப்புகள் செய்தார்கள். பிறகு நூறாண்டுகளுக்கு மேல் அது அலுவலகத்தின் சொத்து. தேதி, ‘செலுத்தப்பட்டது’, அதிகாரியின் பெயர். அஞ்சல்வழிக் கலைஞர்கள் அதை விளையாட்டுக்கு எடுத்துக்கொண்டதும், பூவும் பறவையும் அதில் ஏறியதும் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

ஊசித்துளையின் கதை அதைவிடப் பழையது. மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலிய ஓவியர்கள் பெரிய தாளில் படத்தை வரைந்து, கோடு நெடுகத் துளையிட்டு, சுவரில் வைத்து, கரித்தூள் பொதிந்த துணிமூட்டையால் தட்டுவார்கள். தூள் துளை வழியே இறங்கிச் சுவரில் புள்ளிக்கோடு விழும். ரஃபேல் ‘ஏதென்ஸ் பள்ளி’ ஓவியத்துக்காக வரைந்த மாபெரும் தாள் மிலான் நகரின் அம்புரோசியானாவில் இருக்கிறது. அதன் கோடுகளில் ஊசித்துளைகளை இன்றும் காணலாம். நம் கரையிலும் இதே முறைதான். 1742-இல் கேர்தூ என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார், சோழமண்டலக் கரையின் சாயத்துணி எப்படித் தயாராகிறது என்று விரிவாக ஒரு கடிதம் எழுதினார். தாளில் வரைந்து, ஊசியால் குத்தி, கரித்தூளால் துணிக்கு மாற்றுவதை அதில் படிப்படியாகச் சொல்கிறார். இன்றைக்கு ஆரி வேலை செய்யும் கடையில் போய்ப் பார்த்தாலும் ட்ரேசிங் தாளில் ஊசித்துளையிட்டு, வெள்ளைப் பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்த்து ரவிக்கைத் துணியில் டிசைன் ஏற்றுவதைக் காணலாம். கலம்காரியிலேயே இந்த இரு வழிகளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன: மசூலிப்பட்டினத்தில் மரஅச்சு, காளஹஸ்தியில் கை.

துளையின் அலுவலக வாழ்க்கை எடிசனோடு உச்சத்துக்குப் போனது. 1876-இல் அவர் காப்புரிமை பெற்ற மின்பேனாவின் முனையில் சிறு மோட்டாரால் துடிக்கும் ஊசி இருந்தது. எழுதினால் எழுத்து துளைகளாக விழும். அந்தத் தாளின் மேல் மை உருளையை உருட்டினால் அடியில் வைத்த தாளில் நகல் வரும். ரசீதும் சுற்றறிக்கையும் இப்படிப் பெருகின. தட்டச்சும் வேறு நகல் எந்திரங்களும் வந்தபின் அந்தப் பேனா காணாமல் போயிற்று. அதன் சாயலில் பச்சை குத்தும் எந்திரத்துக்கு 1891-இல் நியூயார்க்கில் காப்புரிமை வாங்கினார்கள் என்பது ஒரு கிளைக்கதை. இங்கே கவனிக்க வேண்டியது, அலுவலகத்தின் நகலெடுக்கும் வேலையை மற்றவற்றிடம் பறிகொடுத்த பிறகும், கன்னிமாடத்தில் வாழ்ந்ததுபோல், துளை தனக்காகவே வாழ்கிறது என்பது. நகலெடுக்கும்போது துளை ஒரு வழி. கரித்தூளும் மையும் அதைக் கடந்து போகும், தாளைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். வாழ்த்து அட்டையில் துளையைக் கடந்து போவது வெளிச்சம் மட்டுமே. தாளே படைப்பு. ரப்பர் ஸ்டாம்ப்புக்கு அந்த விடுதலை வரவில்லை. அது இன்னும் நகல் தருகிறது. அதனால்தான் அதை மறைக்க இத்தனை வண்ணமும் பிசினும் வேண்டியிருக்கிறது.

கையால் செய்தது என்ற பெருமையை இங்கே சற்று உரசிப் பார்க்க வேண்டும். 1834-இல் லண்டனின் டாப்ஸ் நிறுவனத்தில் ஜோசப் ஆடன்புரூக் என்பவர், அச்சில் புடைக்க அழுத்திய தாளின் மேடுகளை அரத்தால் தேய்த்தபோது அவை துளைகளாகத் திறந்து லேஸ் காகிதம் பிறந்தது என்று வாழ்த்து அட்டை வரலாறுகள் கூறும். கன்னியர் மாதக்கணக்கில் செய்ததை எந்திரம் கட்டுக்கட்டாகத் தரத் தொடங்கியது. அந்த லேஸ் ஒட்டிய காதல் வாழ்த்து ஒன்று இங்கிலாந்திலிருந்து மாசசூசெட்சின் வூஸ்டர் நகருக்கு வந்து எஸ்தர் ஹவ்லண்ட் என்ற இளம்பெண்ணின் கையில் கிடைத்தது. 1847-இல் படிப்பை முடித்திருந்த அவர் அதுபோலவே செய்து விற்க முனைந்தார். இங்கிலாந்திலிருந்து லேஸ் வரவழைத்து, தோழிப் பெண்களை நீண்ட மேசையைச் சுற்றி உட்காரவைத்து, ஒருத்தி வெட்ட, ஒருத்தி ஒட்ட, ஒருத்தி வண்ணத்தாளைப் பின்னால் வைக்க என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தார். 1881-இல் தொழிலை ஜார்ஜ் விட்னிக்கு விற்கும்வரை அமெரிக்கக் காதலர் அட்டைகளில் அவர் பெயர்தான் முன்னால் நின்றது. அந்த அட்டைகள் கையால் செய்தவையா? கை பட்டவை, சந்தேகமில்லை. ஆனால் லேஸ் எந்திரத்தது, அடுக்கு வரிசையாக உட்கார்ந்தவர்களுடையது. இன்றைய ஸ்டாம்ப் அட்டை எஸ்தர் ஹவ்லண்ட் வழிவந்தது என்றால், துளை அட்டை அவருக்கு முந்திய கன்னிமாடத்தைச் சேர்ந்தது.

சந்தை இதை நன்றாகவே புரிந்துகொண்டிருக்கிறது. ஸ்டாம்ப்பில் விற்க வேண்டியது முடிவதே இல்லை. பூ வாங்கியவருக்குப் பறவை வேண்டும். பறவைக்கு ஏற்ற நிறத்தில் மைப்பஞ்சு வேண்டும். கிறிஸ்துமஸ் வந்தால் புதுத் தொகுப்பு. 1988-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்டாம்பின் அப் நிறுவனம், வீட்டுக் கூட்டங்களில் செய்துகாட்டி விற்கும் முகவர்களைக் கொண்டே பல நாடுகளுக்குப் பரவியது. ஊசியை வைத்து அப்படி ஒரு வணிகம் எழுப்ப முடியாது. துளைத்தகடுகளையும் பல ஊசிக் கருவிகளையும் நெதர்லாந்துக்காரர்கள் விற்றார்கள். அதற்கும் ஓர் எல்லை இருந்தது. ஒரு தையல் ஊசி பல வருடம் வரும்.

கைப்பேசியும் ஸ்டாம்ப் பக்கமே நிற்கிறது. ஸ்டாம்ப் அட்டையை எப்படிப் படமெடுத்தாலும் அழகாக விழும். துளை அட்டையை ஃபிளாஷ் போட்டு எடுத்தால் வெற்றுத்தாள். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கை வைத்து எடுத்தால் ஓரளவு தெரியும். அப்போதும் தொடுவதற்கு வழியில்லை. இணையத்தில் ஸ்டாம்ப் அட்டைகள் குவிந்து கிடப்பதற்கும் துளை அட்டைகள் அரிதாக இருப்பதற்கும் திறமைக் குறைவு காரணமல்ல என்று இதனால் நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் இந்த வேலையில் இறங்குகிறவருக்குக் கணக்கு சற்று மாறும். வெளிநாட்டுத் தொகுப்புகள் இங்கே விலை அதிகம். ஆனால் நீதிமன்றத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் எதிரில் ரப்பர் ஸ்டாம்ப் செய்து தரும் கடை இல்லாத ஊர் குறைவு. வெள்ளைத்தாளில் கறுப்பு மையால் கோலத்தையோ மாம்பிஞ்சையோ வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்கள் அதைப் பாலிமரில் எடுத்துத் தந்துவிடுவார்கள். கோடு அரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. நுண்கோடு போட்டால் மை அடைத்துக்கொள்ளும். இப்படிச் செய்துகொண்ட ஸ்டாம்ப் வேறு எவரிடமும் இருக்காது என்பதால் நகல் என்ற குறை பாதிக்குப் பாதி தீர்ந்துவிடுகிறது. அட்டைக்கு ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் 250 முதல் 300 ஜி.எஸ்.எம். ஐவரி தாள் போதும். ஊசிக்கும் அதே தாள் சரி. சார்ட் பேப்பர் ஊசிக்கு ஆகாது. மெல்லியது, துளைக்கு அடுத்த துளை கிழிந்து சேர்ந்துகொள்ளும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் எந்தத் தாளும் ஈரம் குடித்து நார் தளர்ந்துவிடுகிறது. அப்போது துளை விளிம்பு பஞ்சுபட்டு நிற்கும். அந்த மாதங்களில் ஸ்டாம்ப்பை எடுப்பது புத்திசாலித்தனம், மை காய நேரமாகும் என்றாலும்.

இரண்டையும் ஒரே அட்டையில் சேர்ப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. சேர்ப்பதில் ஒரு வரிசைமுறை உண்டு. மாறினால் வேலை கெடும். முதலில் ஸ்டாம்ப், அது நன்றாகக் காய்ந்த பிறகு ஊசி. துளையிட்ட தாளில் ஸ்டாம்ப் அடித்தால் மை துளை விளிம்பில் தேங்கி ஒழுகும். எம்பாசிங் பவுடர் உருகித் துளையை அடைத்துவிடும். எம்பாசிங் செய்த கோட்டை ஒட்டிக் குத்தும்போது ஊசி பிசினில் பட்டால் அது விரிந்து உதிரும். ஆகவே கோட்டிலிருந்து 1 மில்லிமீட்டர் தள்ளியே துளை வரிசை போக வேண்டும்.

இன்னொரு சேர்க்கை எனக்கு இவை எல்லாவற்றிலும் பிடித்தது. வெளிறிய மையில் பூவை அடித்து, அந்தக் கோட்டையே மாதிரியாக வைத்துப் பின்புறமிருந்து குத்துவது. தாளை விளக்கின் மேல் பிடித்தால் கோடு பின்னாலும் தெரியும். பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டு குத்தலாம். முடித்த பிறகு மை நிழலாகவும் துளை கோடாகவும் நிற்கும். ரஃபேல் காலத்தில் துளை மைக்கு வழிகாட்டியது. இங்கே மை துளைக்கு வழிகாட்டுகிறது. ஆனால் கலப்பதில் அளவு தப்பிய அட்டைகளைத்தான் அதிகம் பார்க்க முடிகிறது: நடுவில் நாலு நிறப் பூ, அதைச் சுற்றித் தங்க எம்பாசிங், அதைச் சுற்றி மூன்று வரிசைத் துளை, மூலைக்கு மூலை முத்து, ரிப்பன். நிறம் பேசத் தொடங்கினால் துளையின் குரல் கேட்காது. துளை வேண்டுமென்று முடிவுசெய்துவிட்டால் மையைக் குறைத்தாக வேண்டும். இதில் சமரசத்துக்கு இடமிருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அட்டைக்குள் எழுதும் வாழ்த்து வரியிலும் இரண்டும் பிரிகின்றன. ஸ்டாம்ப்காரர்கள் வாழ்த்தையும் ஸ்டாம்ப்பாகவே வாங்கிவிடுகிறார்கள். ஆங்கில வாழ்த்துகள் எல்லா எழுத்துருவிலும் கிடைக்கின்றன. தமிழ் வாழ்த்து வேண்டுமென்றால் மேலே சொன்ன கடையில் செய்யச் சொல்ல வேண்டும் அல்லது கையால் எழுத வேண்டும். ஊசிக்காரருக்கு இந்தச் சிக்கல் இல்லை. எழுத்தைப் பென்சிலால் எழுதி அதன் மேலேயே குத்திவிடலாம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: பின்புறமிருந்து குத்துவதானால் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி இருக்க வேண்டும். எழுதிய ட்ரேசிங் தாளைப் புரட்டிப் போட்டுக்கொண்டால் தொல்லையில்லை.

தமிழ் எழுத்தின் வளைவு துளைக்கு நன்றாக ஒத்துவருகிறது. நேர்கோட்டில் ஒரு துளை விலகினால் பளிச்சென்று தெரியும், வளைவில் தெரியாது. சிக்கல் மெய்யெழுத்தின் புள்ளியில்தான். ஓலையில் எழுத்தாணியால் எழுதியவர்கள் புள்ளி வைத்தால் ஓலை பொத்தலாகும் என்று அதை விட்டுவிட்டார்கள் என்பார்கள். நம் அட்டையில் எல்லாமே பொத்தல்; ‘வாழ்த்துகள்’ என்ற சொல்லில் உள்ள மூன்று புள்ளிகளும் கோட்டின் துளைகளோடு கலந்து காணாமல் போய்விடும். அதற்கு எளிய வழி, எழுத்தை மெல்லிய ஊசியால் குத்தி முடித்துவிட்டு, புள்ளிகளை மட்டும் சணல் தைக்கும் கோணி ஊசியின் நுனியால் ஒருமுறை அழுத்தி எடுப்பது. அடியில் ஃபோம் ஷீட்டை இரண்டாக மடித்துப் போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மேசையில் ஓட்டை விழும்.